ரிப்போர்ட் வந்துவிட்டது, சரி, அப்புறம்? பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கும் முழு வழிகாட்டி

ரத்தம் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. லேபிலிருந்து போன் இல்லை, டாக்டரும் கூப்பிடவில்லை. "ஒன்னும் இருக்காதுங், இருந்தா சொல்லியிருப்பாங்கல்ல" என்று சொல்லிவிட்டு பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ காட்டுக்கோ கிளம்பிவிடுவது நம் பக்கத்தில் வெகு சாதாரணம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

சிக்கல் என்னவென்றால், சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பது நோயாளி மட்டும் இல்லை. ரிப்போர்ட்டைக் கொடுத்தாகிவிட்டது, டாக்டரிடம் காட்டிக்கொள்வார்கள் என்று லேப் நினைக்கிறது. ஆள் திரும்பி வராததால் உடம்பு சரியாகிவிட்டது போல என்று டாக்டர் நினைக்கிறார். அந்தக் காகிதம் லேப் கவுண்டரில் ஒரு டப்பாவிலோ மகனுடைய போனிலோ கிடக்கிறது. நம் ஊர் முறையில் லேபையும் டாக்டரையும் இணைக்கிற ஆள் பெரும்பாலும் நோயாளிதான். அதனால் தகவல் வரவில்லை என்றால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முடிவு இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஊசி குத்தும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை

டாக்டர் சீட்டில் டெஸ்ட் எழுதும்போதே கேட்டுவிடுங்கள். "இது எதுக்குங்க டாக்டர்? எப்ப வரும்? வந்ததும் உங்ககிட்டயே நேர்ல காட்டணுங்களா, போன்ல சொன்னாப் போதுங்களா?" எந்த டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிலை அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மறுபடி வர வேண்டிய நாளை அப்போதே குறித்துக்கொள்வது நல்லது. ரிப்போர்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாள் நகர்ந்துகொண்டே போகும்.

லேபில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? கோபி, தாராபுரம், அந்தியூர் போன்ற ஊர்களில் உள்ள சின்ன லேப்களில் சர்க்கரை, ரத்த அணுக்கள், சிறுநீர் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அரிய ஹார்மோன்கள், மரபணு, சில புற்றுநோய்ப் பரிசோதனைகள் பெரிய ஊர் லேபுக்குப் போகும். "நாளைக்கு வந்துரும்" என்ற சொல் இரண்டுக்கும் ஒரே மாதிரி வரும் என்பதால் தனியாகக் கேட்பது நல்லது.

அடுத்தது பெயர். ஒரே நாள் காலையில் ஒரே லேபில் இரண்டு பழனிசாமி, மூன்று சரஸ்வதி இருப்பது நம் ஊரில் அதிசயமே இல்லை. இனிஷியல், வயது, அப்பா அல்லது கணவர் பெயர் மூன்றும் பில்லில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் எடுத்ததும் குழாயில் ஒட்டும் லேபிளை உங்கள் கண் முன்னாலேயே ஒட்டச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை.

போன் எண்ணைப் பற்றி ஒன்று. பெங்களூரில் வேலை பார்க்கும் பையனின் எண்ணைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கொடுங்கள், ஆனால் வீட்டில் எடுத்துப் பேசும் எண் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பொட்டாசியம், சோடியம், சர்க்கரை, தட்டணுக்கள் போன்றவை ஆபத்தான அளவில் இருந்தால், ரிப்போர்ட் அச்சாகும் முன்பே நல்ல லேப்கள் டாக்டருக்கோ நோயாளிக்கோ போன் செய்யும். தெரியாத எண் என்று அந்த அழைப்பை விட்டுவிட்டால் ராத்திரியில் ஓட வேண்டிய நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்போம். ரத்தம் கொடுத்த அன்று தெரியாத எண்ணானாலும் எடுத்துப் பேசிவிடுங்கள்.

எதற்கு எத்தனை நாள்

சர்க்கரை, ரத்த அணுக்கள், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் ஆகியவை அன்றைக்கே வரும். தைராய்டு அன்றோ மறுநாளோ. எக்ஸ்ரேவும் அல்ட்ராசவுண்டும் பெரும்பாலும் கையோடு கிடைக்கும். சிடி, எம்ஆர்ஐ படம் உடனே கிடைத்தாலும், ரேடியாலஜிஸ்ட் பார்த்து எழுதும் அறிக்கைக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகும்.

கல்ச்சர் என்பது வேறு கணக்கு. சிறுநீரிலோ ரத்தத்திலோ உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும், கிருமி அவசரப்படாது. சிறுநீர் கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள், ரத்தக் கல்ச்சரின் கடைசி அறிக்கைக்கு ஐந்து நாள் ஆகும். நடுவில் வரும் "இதுவரை வளர்ச்சி இல்லை" என்ற அறிக்கையை முடிவு என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

காசநோய்க்குச் சளியை மூலக்கூறு இயந்திரத்தில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் இயந்திரம் பதில் சொல்லிவிடும். வரிசை, பதிவு எல்லாம் சேர்த்து அன்றோ மறுநாளோ கைக்கு வரும். அதே சளியைக் கல்ச்சருக்கு அனுப்பினால் ஆறு வாரம் வரை ஆகலாம். இரண்டும் அனுப்பியிருந்தால் முதல் முடிவோடு கதை முடியாது. (பெருந்துறையில் பஸ் நிறுத்தத்தையே சானிடோரியம், அதாவது காசநோய் ஆஸ்பத்திரி, என்று சொல்லும் பகுதி இது. காசநோய் என்றதும் பேரை மாற்றிப் பதிவு செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. பேரை மாற்றினால் முடிவைக் கண்டுபிடிப்பதும் அரசு உதவித்தொகை வாங்குவதும் உங்களுக்குத்தான் கஷ்டம்.)

டெங்குவில் நாள் கணக்கு முக்கியம். காய்ச்சல் வந்த முதல் ஐந்து நாளில் என்எஸ்1 என்ற பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம். முதல் நாளே ஐஜிஎம் எடுத்து இல்லை என்று வந்தால், டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதை ரத்தம் கொடுக்கும்போதே சொல்லுங்கள்.

எங்கே போய் வாங்குவது

தனியார் லேப் என்றால் வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் வந்துவிடும். வந்ததும் திறந்து, பேர் உங்களுடையதுதானா, எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து டெஸ்டுக்குப் பணம் கட்டி நாலுக்கு மட்டும் முடிவு வந்திருந்தால், ஐந்தாவது வெளியே போயிருக்கும். பில்லை வைத்துக்கொண்டு சரிபார்த்தால் தெரிந்துவிடும். வரவில்லை என்றால் போன் செய்து பில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: "காலைல ரத்தம் குடுத்தனுங், ரிப்போர்ட் ஆச்சுங்களா?"

அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டுதான் உயிர். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, சேலம் மோகன் குமாரமங்கலமோ, பெருந்துறையோ, எங்கே ஆனாலும் சீட்டைத் தொலைத்தால் முடிவைத் தேடுவதற்கே அரைநாள் போய்விடும். மாதிரி கொடுத்ததும் லேப் எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கிவிட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். முடிவு வார்டுக்கே போகுமா, லேப் ஜன்னலில் நாம் வாங்க வேண்டுமா என்பது துறைக்குத் துறை மாறும். சீட்டுப் போட்ட அதே யூனிட் டாக்டர் எந்தெந்தக் கிழமை ஓபி பார்க்கிறார் என்பதையும் கேட்டு வையுங்கள். செவ்வாய்க்கிழமை யூனிட்டின் ரிப்போர்ட்டோடு வியாழக்கிழமை போய் நின்றால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டிவரும்.

இஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள், டிஸ்பென்சரியிலிருந்து சிங்காநல்லூர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்தால், முடிவை எங்கே காட்ட வேண்டும் என்று அனுப்பும் இடத்திலேயே கேளுங்கள். டிஸ்பென்சரிக்கு ஒரு நகல், உங்களுக்கு ஒரு நகல்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். முடிவு அந்த நிமிடமே தெரியும், ஆனால் சர்க்கரைக்குப் பார்ப்பது விரல் நுனியில் எடுத்த சொட்டு ரத்தம். அதிகம் என்று வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். கோயில் நோம்பிக்கு வைக்கும் முகாம், சங்கங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை முகாம் ஆகியவற்றிலும் இதேதான். அங்கே கொடுக்கும் துண்டுச் சீட்டு சட்டைப் பையோடு சேர்ந்து துவைக்கப் போய்விடுகிறது என்பதுதான் பெரிய சோகம். வீட்டுக்கு வந்ததும் தினசரி நாட்காட்டியின் பின்னாலாவது எழுதி வையுங்கள்.

காகிதத்தைக் கையில் எடுத்ததும்

எண்களைப் பார்க்கும் முன் மேலே உள்ள வரிகளைப் பாருங்கள். பேர், வயது, பாலினம். மாதிரி எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம், அறிக்கை தந்த நேரம். காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம் லேபுக்குச் சாயங்காலம்தான் வந்திருக்கிறது என்றால் சில எண்களை நம்புவதில் சிக்கல் உண்டு. வெகுநேரம் வைத்திருந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலோ பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இப்படி வந்தால் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். காசு பிடுங்கவே சொல்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை.

பிறகு வலது ஓரத்தில் சாதாரண அளவு என்று ஒரு பட்டி இருக்கும். அதைத் தாண்டினால் தடித்த எழுத்து, நட்சத்திரம், மேல்நோக்கிய அம்பு. இங்கேதான் பலருக்குத் தூக்கம் போகிறது. அந்த அளவை வழக்கமாக எப்படி வகுக்கிறார்கள் என்றால், நூறு ஆரோக்கியமான ஆட்களில் 95 பேருடைய எண் உள்ளே அடங்கும்படி. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். அதனால் மாஸ்டர் செக்கப் என்று நாற்பது ஐம்பது எண்களை ஒரே நாளில் எடுத்தால், நல்ல ஆளுக்குக்கூட இரண்டு மூன்று அம்புக்குறி வருவது இயல்பு. அம்பு இருந்தால் கேளுங்கள், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அம்பே இல்லாத எண்ணும் கவனிக்க வேண்டியதாக இருக்கலாம். போன வருடம் 0.8 இருந்த கிரியாட்டினின் இந்த வருடம் 1.2 என்றால் ஆண்களுக்குப் பெரும்பாலும் பட்டிக்குள்தான் இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய மாற்றம் அது. அதனால் புது ரிப்போர்ட்டோடு பழசையும் எடுத்துப் போங்கள். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். லேபுக்கு லேப் இயந்திரமும் முறையும் மாறும்போது எண்ணும் கொஞ்சம் மாறும்.

சர்க்கரைக்கு மட்டும் பட்டியை நம்பாமல் இந்த எண்களை நினைவில் வையுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் வாசல் வரை வந்துவிட்டது. "பார்டர்தானுங்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் கூட்டம் இதில்தான் அதிகம்.

ஸ்கேன் அறிக்கையில் நடுப்பகுதி முழுக்க உறுப்பு உறுப்பாக வர்ணனை இருக்கும். அதை வரி வரியாக இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் கடைசியில் "இம்ப்ரெஷன்" என்று இருக்கும் இரண்டு மூன்று வரிக்குப் போங்கள். ரேடியாலஜிஸ்ட் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது. கல்லீரலில் லேசான கொழுப்பு, சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி போன்றவை வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டவையாக இருக்கும். "கிளினிக்கல் கோரிலேஷன்" என்று எழுதியிருந்தால் பயங்கரமான வியாதியின் பேர் என்று நினைத்துவிட வேண்டாம். உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் உங்கள் உடம்போடு பொருத்திப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று அர்த்தம்.

நோயே தெரியாதபோது செய்யும் பரிசோதனைகள்

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை அரசு நிலையங்களிலேயே செய்கிறார்கள். அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் முறை என்றால் சில நிமிடத்தில் முடிவு தெரியும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் "பாசிட்டிவ்" என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடும் பெண்கள் உண்டு. பாசிட்டிவ் என்றால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான். அப்படி அனுப்பப்படுபவர்களில் பலருக்குப் புற்றுநோய் இருக்காது. போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் பை-ராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதுவானது, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். பூஜ்யம் வந்தால் பலர் "ஒன்னுமில்லை" என்று படித்துவிடுகிறார்கள். பூஜ்யம் என்றால் படம் போதவில்லை, இன்னும் படம் எடுக்க வேண்டும் என்று பொருள். இந்த ஒரு எண்ணை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள்.

பயாப்சி: காத்திருக்கும் நாட்களும் சொல்லும் நாளும்

எடுத்த திசுத்துண்டு ஃபார்மலினில் ஊற வேண்டும், பிறகு மெழுகில் கட்டியாக்க வேண்டும், மைக்ரான் கணக்கில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நோய்க்குறியியல் டாக்டர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நாலு நாள் முதல் ஒரு வாரம் ஆவது இதனால்தான். ஐஎச்சி என்ற கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் இன்னும் சில நாள். மார்பகப் புற்றுநோயில் எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்க ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) ஆகியவற்றின் முடிவுகள் வேண்டும். முதல் அறிக்கை வந்ததும் "இன்னும் எதுக்குக் காக்க வைக்கறாங்க" என்று ஆஸ்பத்திரி மாற்றி ஓடினால், அங்கேயும் இதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். திசு போதவில்லை என்று வந்தால் அது நல்ல முடிவும் இல்லை, கெட்ட முடிவும் இல்லை. மறுபடி எடுக்க வேண்டும்.

முடிவை வாட்ஸ்ஆப்பில் வாங்காமல் நேரில் வாங்குவது இந்த ஒன்றுக்காவது அவசியம். ராத்திரி பத்து மணிக்கு போனில் ஒரு சொல்லைப் படித்துவிட்டு விடியும் வரை விழித்திருப்பதால் பயன் இல்லை. பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் பாசக்கார மாமா வேண்டாம், அவர் வீட்டில் இருக்கட்டும். கேட்க வேண்டியவை: இது என்ன, எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்தாகிவிட்டதா, அடுத்து என்ன, எத்தனை நாளுக்குள்? டாக்டர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள், பலர் சரி என்பார்கள். புரியாவிட்டால் "இன்னொருக்கா தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அப்புறம், நம் வீடுகளில் தவறாமல் நடக்கும் அந்தக் காட்சி. அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகனும் மருமகனும் உள்ளே போய், "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் உடம்பு அப்பாவுடையது, முடிவும் அவருடையது. அல்சர் என்று சொல்லி அழைத்துப் போனாலும், ஆஸ்பத்திரி வாசலில் உள்ள புற்றுநோய்ப் பிரிவு என்ற பலகையை அவரும் படிப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர் முதல் நாளே கேட்டுவிடுவார், "உங்களுக்கு எங்கீங்க?" என்று. தெரிந்தும் தெரியாதது போல இரண்டு பக்கமும் நடிப்பதில் காட்டுக் கணக்கு, கொடுக்கல் வாங்கல், பேச வேண்டிய பேச்சு எல்லாம் நின்றுபோகிறது.

இதற்கு வழி பயாப்சிக்கு முன்பே அவரிடமே கேட்டுவிடுவதுதான். "முடிவு வந்தா உங்ககிட்டயே சொல்லச் சொல்லட்டுங்களாப்பா, இல்ல நாங்க கேட்டுக்கட்டுங்களா?" சிலர் "எங்கிட்ட எதுக்கு, நீங்களே பாத்துக்குங்க" என்பார்கள். அது அவர் எடுத்த முடிவு, அதை மதிக்கலாம். "எதா இருந்தாலும் நேரா சொல்லட்டும்" என்பவர்தான் நாம் நினைப்பதைவிட அதிகம்.

வாய் திறக்கக் கூடாத இடங்கள்

எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசம். முடிவைத் தனி அறையில் ஆலோசகர் உங்களிடம் சொல்வார். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. கம்பெனி மேனேஜர் கேட்டாலும் இதேதான். 1097-க்குப் போன் செய்து சந்தேகம் கேட்கலாம்.

கர்ப்ப கால ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், நீர் அளவு எல்லாவற்றையும் கேளுங்கள். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்த பகுதி நம்முடையது என்பதால், இதில் ஜாடை மாடையாகக்கூடக் கேட்காதீர்கள்.

வைத்திருப்பதும் திரும்பக் கேட்பதும்

ஈசிஜி காகிதத்தைக் கவனியுங்கள். வெப்பத்தில் அச்சாகும் காகிதம் அது, ஒரு கோடை போனால் கோடெல்லாம் மங்கிவிடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த பிடிஎஃபைப் பேரும் தேதியும் வைத்துத் தனியாகச் சேமியுங்கள், போன் மாற்றும்போது முதலில் காணாமல் போவது இதுதான். மருத்துவப் பதிவுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் 14 இலக்க ஆபா எண் எடுத்திருந்தால் அதில் இணைத்து வைக்கலாம். ஸ்கேன் படத்தை மடிக்காமல், சிடியோடு சேர்த்து வையுங்கள்.

உள்நோயாளியாக இருந்தவர் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வாயால் கேட்டுத் திரும்பி வராமல், எழுத்தில் கேட்டு, வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் கையெழுத்தும் தேதியும் பெறுங்கள். அரசு மருத்துவமனையில் இழுத்தடித்தால் ஆர்எம்ஓ என்று சொல்லப்படும் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம்.

இரண்டாவது கருத்துக்கு வேறு ஆஸ்பத்திரி போகிறவர்கள் பயாப்சி காகிதத்தை மட்டும் கொண்டுபோனால் பாதி வேலைதான். கண்ணாடித் தகடுகளும் மெழுகுக் கட்டியும் வேண்டும், லேபில் அவற்றை ஸ்லைடு, பிளாக் என்பார்கள். புது இடத்து டாக்டர் தன் கண்ணால் பார்த்து எழுதத்தான் கேட்பார். எத்தனை ஸ்லைடு, எத்தனை பிளாக் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பிளாக் வெயிலில் உருகக்கூடிய மெழுகு, ஏப்ரல் மாதத்தில் காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.